வாசகர் கேள்வி – பதில்: டிராவல் ட்ரெயிலரும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும்

கோடை விடுமுறை நெருங்குகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்கள் டிராவல் ட்ரெயிலர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்குவது பற்றித் தொடர்ந்து எழுதிவருவதால், இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

டல்லாஸ் அருகே இருக்கிறோம். 26 அடிப் புதிய டிராவல் ட்ரெயிலரை 32,000 டாலருக்குப் பேசி முடித்தோம். 15 வருடக் கடன், வட்டி 8.5 சதவீதம். கையெழுத்துப் போடப் போன இடத்தில் 4,500 டாலருக்கு 7 வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுக்கச் சொல்கிறார்கள். “மாதம் 44 டாலர்தான் கூடும், இன்று விட்டால் இந்த விலை கிடைக்காது” என்கிறார்கள். எடுக்கலாமா?

இன்று எடுக்காதீர்கள். முதலில் அந்த 44 டாலரைப் பார்ப்போம். அதை 180 மாதம் கட்டினால் 4,500 டாலர் சரக்குக்கு நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 7,980 டாலர். கான்ட்ராக்ட் 7 வருடத்தில் முடிந்துவிடும். அதற்கான தவணையோ இன்னும் 8 வருடம் ஓடும். அந்த 7 வருடத்திலும் முதல் வருடம் எப்படியும் கம்பெனி வாரண்டியில் கழிந்துவிடும். சில தயாரிப்பாளர்கள் 2 வருடம் தருகிறார்கள். ஆக, உண்மையில் நீங்கள் வாங்குவது 5 அல்லது 6 வருடப் பாதுகாப்பு. 7 வருடம் என்பது வாங்கிய நாளிலிருந்தா, கம்பெனி வாரண்டி முடிந்த நாளிலிருந்தா என்பதைக் காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வாரண்டி என்றாலும் சட்டப்படி இது சர்வீஸ் கான்ட்ராக்ட், அதாவது பழுதுபார்க்கும் செலவை ஏற்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம். ட்ரெயிலரைச் செய்தவருக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. மூன்றாவது கம்பெனி ஒன்று விற்கிறது, டீலருக்கு அதில் நல்ல லாபம் உண்டு. அதனால்தான் விலையில் பேரம் பேச இவ்வளவு இடம் இருக்கிறது. பல கம்பெனிகள், தயாரிப்பாளர் வாரண்டி முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் இதே கான்ட்ராக்டை விற்கும். “இன்று மட்டும்” என்ற அவசரம் டீலருடையது, உங்களுடையது அன்று. முதல் வருடம் ஓட்டிப் பார்த்து, உங்கள் ட்ரெயிலரின் குணம் தெரிந்த பிறகு 10-வது மாதத்தில் முடிவெடுக்கலாம்.

மாதிரித் தாளைக் கேட்காதீர்கள். விளம்பர மடிப்பையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நீங்கள் கையெழுத்திடப்போகும் முழு கான்ட்ராக்டையே வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ‘எக்ஸ்க்ளூஷனரி’ என்பதில், விலக்கியவை தவிர மற்றதெல்லாம் சேர்த்தி. ‘ஸ்டேட்டட் காம்போனென்ட்’ என்பதில், பட்டியலில் பெயர் உள்ள பாகம் மட்டும்தான் சேர்த்தி. கம்ப்ரஸர் இருக்கும், அதன் கன்ட்ரோல் போர்டு இருக்காது. முதல் வகை இல்லாவிட்டால் மேலே பேச வேண்டாம். முதல் வகையானாலும் விலக்குப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். தேய்மானம், சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை), நீர்க்கசிவும் அதனால் வந்த சேதமும், பனியில் உறைந்து வெடித்த குழாய், முன்பே இருந்த பழுது, வாடகைக்கு விட்ட வண்டி, வருடம் முழுக்க அதிலேயே குடியிருத்தல் ஆகியவை பெரும்பாலான கான்ட்ராக்டுகளில் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

பிறகு பணம் பற்றிய வரிகள். டிடக்டிபிள் (உங்கள் பங்காக நீங்கள் கட்டும் தொகை) ஒவ்வொரு வருகைக்குமா, ஒவ்வொரு பாகத்துக்குமா? ஒரே நாளில் ஃபிரிட்ஜும் ஹீட்டரும் பழுதானால் இந்த ஒரு சொல் உங்கள் செலவை இரட்டிப்பாக்கும். லேபர் ஒரு மணிக்கு எத்தனை டாலர் வரை ஏற்பார்கள்? உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் 180 கேட்டு, கான்ட்ராக்ட் 130 தந்தால் மிச்சம் உங்கள் தலையில்தான். பழுதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குப் பணம் உண்டா? வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கும் மொபைல் டெக்னீஷியனை ஏற்பார்களா? எல்லா க்ளெய்ம்களும் சேர்ந்து எவ்வளவு வரை? இதற்கெல்லாம் கான்ட்ராக்டிலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது.

கான்ட்ராக்ட் கம்பெனி மூழ்கினால் யார் தருவார்கள் என்பதும் முக்கியம். பின்னால் நிற்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் கான்ட்ராக்டில் அச்சாகியிருக்க வேண்டும். டெக்சாஸில் சர்வீஸ் கான்ட்ராக்ட் தரும் கம்பெனிகள் டி.டி.எல்.ஆர். எனப்படும் மாநில உரிமத் துறையில் பதிந்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால் ரத்து செய்யும் பிரிவைப் படியுங்கள். பல கான்ட்ராக்டுகளில் முதல் சில வாரங்களுக்குள் முழுப் பணமும், பிறகு மீதிக் காலத்துக்கு ஏற்ற பங்கும் திரும்பும். கடனில் சேர்த்திருந்தால் அந்தப் பணம் வங்கிக்குப் போய் அசலில் கழியும், உங்கள் கைக்கு வராது.

எங்கள் கணிப்பு: ஒரு ஸ்லைடு (நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப்பகுதி), ஒரு ஏசி, சாதாரண ஃபிரிட்ஜ் உள்ள ட்ரெயிலருக்கு 4,500 டாலர் அதிகம். ஏசி மாற்ற 1,200 முதல் 2,000 டாலர், வாட்டர் ஹீட்டர் மாற்ற 1,000 டாலர் அளவில் ஆகும். ஃபிரிட்ஜும் சேர்ந்து மூன்றும் போனால்தான் கணக்கு நேராகும். அதே பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், கான்ட்ராக்ட் தொடாத கூரைக்கும் டயருக்கும்கூட அது உதவும். ஹைட்ராலிக் லெவலிங் (வண்டியைச் சமமாக நிறுத்தும் கருவி), மூன்று ஸ்லைடு, இரண்டு ஏசி என்று போகும் பெரிய வண்டியானால், எக்ஸ்க்ளூஷனரி வகை 2,500 டாலருக்குள், கடனில் சேர்க்காமல் கிடைத்தால் யோசிக்கலாம்.

சர்வீஸ் கான்ட்ராக்ட் இருக்கிறது. ஆனாலும் முன்மூலைச் சுவர் ஊறிப் புடைத்ததற்கு ஒரு பைசா தர மறுக்கிறார்கள். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஏன் இப்படி? (சிகாகோ வாசகர்)

மேலே சொன்ன விலக்குப் பட்டியல்தான் காரணம். இயந்திரமோ மின்பாகமோ பழுதானால் தருவதற்காக எழுதப்பட்ட காகிதம் அது. ட்ரெயிலரைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். அதற்கு அங்கே இடமில்லை.

பெரும்பாலான ஃபைபர்கிளாஸ் சுவர்கள் மெல்லிய லுவான் பிளைவுட்டின் மேல் ஒட்டப்பட்டவை. கூரை பெரும்பாலும் டி.பி.ஓ. என்னும் பிளாஸ்டிக் விரிப்பு அல்லது இ.பி.டி.எம். என்னும் ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பு எளிதில் கெடாது. ஆனால் வென்ட், ஸ்கைலைட், ஆன்டெனா, ஏணி என்று ஓட்டை போட்டுத் திருகிய ஒவ்வோர் இடத்தையும் சீலன்ட்தான் காக்கிறது. வெயிலிலும் சாலை அதிர்விலும் அது முடிபோல வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் பிளைவுட்டை ஊறவைத்து, பசையைப் பிரித்து, சுவரைப் புடைக்கவைக்கும். வெளியே தெரியும்போது உள்ளே பல மாத வேலை நடந்து முடிந்திருக்கும்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று: தயாரிப்பாளரின் அசல் வாரண்டியை எடுத்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் பொது வாரண்டி போக, சுவர், கூரை, சட்டகம் ஆகியவற்றுக்கு 3 வருட ஸ்ட்ரக்சுரல் வாரண்டி தருகின்றன. உங்களுக்கு அது இருந்தால் நாள் கடப்பதற்குள் படங்களுடன் எழுத்தில் அனுப்புங்கள். கூரையை அவ்வப்போது பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். இன்சூரன்ஸ், மரக்கிளை விழுந்து கிழிந்தால் தரும்; மெல்லக் கசிந்ததற்குத் தராது.

மற்ற வாசகர்களுக்கு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையில் ஏறி ஒவ்வொரு சீலன்ட் ஓரத்தையும் படம் எடுங்கள், தேதியே சாட்சி. வெடிப்பு கண்டால் சுத்தம் செய்து காயவிட்டு, சமதளத்தில் தானாகப் பரவும் லேப் சீலன்ட், செங்குத்து ஓரத்தில் வழியாத வகை போடுங்கள். சிலிகோன் வேண்டவே வேண்டாம். பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது. லேப் சீலன்ட் ஒரு டியூப் 15 டாலர் சுமாருக்குக் கிடைக்கும்.

எங்களிடம் டொயோட்டா ஹைலேண்டர் உள்ளது. 5,000 பவுண்டு இழுக்கும். பார்த்த ட்ரெயிலரின் ட்ரை வெயிட் 3,950 பவுண்டு. “தாராளமாக இழுக்கும்” என்கிறார் டீலர். சரிதானா? (நியூ ஜெர்சி வாசகர்)

சரியில்லை. ட்ரை வெயிட் என்பது தொழிற்சாலையை விட்டு வரும்போதுள்ள எடை. அந்த எடையில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. பேட்டரி 60 பவுண்டு, இரண்டு புரொப்பேன் சிலிண்டரில் வாயு 40, 30 கேலன் தண்ணீர் 250 (ஒரு கேலன் 8.3 பவுண்டு), பாத்திரம், படுக்கை, நாற்காலி, அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 4,800.

இழுக்கும் எடைக்கு முன்னால் உங்கள் வண்டி தோற்பது டங் வெயிட்டில், அதாவது ட்ரெயிலரின் மூக்கு ஹிட்ச் (ட்ரெயிலரை வண்டியில் மாட்டும் இணைப்பு) மீது அழுத்தும் எடையில். நிரப்பிய ட்ரெயிலரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். 4,800-இல் 13 சதவீதம் 624 பவுண்டு. 5,000 பவுண்டு இழுக்கும் இத்தகைய எஸ்.யூ.வி.களில் ஹிட்ச் வரம்பு வழக்கமாக 500தான். ரிசீவரில் (ஹிட்ச் பொருந்தும் சட்டத்தில்) ஒட்டிய ஸ்டிக்கரிலும் மேனுவலிலும் பாருங்கள். அடுத்து டிரைவர் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்: ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். அது 1,350 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 560, டிக்கியில் 150, எடையைப் பரப்பித் தாங்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் 80 போனால் மிச்சம் 560. 624 அதிலும் அடங்கவில்லை.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சேரும் சுமை 850 பவுண்டு என்றால், ட்ரை வெயிட் 3,000 உள்ள ட்ரெயிலர் 3,850 ஆகும். அதில் 13 சதவீதம் 500. உங்கள் வண்டிக்கு அதுதான் உச்சம். 20 அடிக்குக் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். ட்ரெயிலரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் தரும் செவன்-பின் இணைப்பும், அந்த பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் தனியே போட வேண்டிவரும். வாங்கியதும் சாமான் நிரப்பி, டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்னும் எடைமேடையில் எடை போடுங்கள்; ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் இன்னொருமுறை. சியன்னா, ஒடிசி வைத்திருப்பவர்களும் இதே கேள்வி கேட்கிறார்கள்: உங்களுக்கு 3,500 பவுண்டு வரைதான், அதுவும் மேனுவல் சொல்லும் உபகரணத்தோடு. சிறிய டியர்டிராப் (துளி வடிவ ட்ரெயிலர்) அல்லது பாப்-அப் (மடித்து விரிக்கும் ட்ரெயிலர்) போதும்.

நாங்கள் கனடாவில பிரம்டனில் இருக்கிறம். புதுசு எடுக்கிறதோ, மூண்டு நாலு வருசம் பாவிச்சது எடுக்கிறதோ நல்லது? பனிக்காலத்தில வெளியிலதான் நிற்கும்.

பாவித்ததுதான், ஒரு நிபந்தனையோடு: சோதித்து எடுக்க வேண்டும். புது ட்ரெயிலர் டீலர் வாசலைத் தாண்டியதுமே விலையில் பெரிய பகுதியை இழக்கும். அந்த நட்டத்தை முதல் சொந்தக்காரர் சுமந்துவிட்டார். தொழிற்சாலைக் குறைகள் வெளிவருவதும் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். வட அமெரிக்காவில் 2021-இல் 6 லட்சத்துக்கு மேல் ஆர்.வி.கள் (ட்ரெயிலர், மோட்டார் வீடு எல்லாம் சேர்த்து) தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின, அது வரலாற்று உச்சம். 2023-இல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்த உச்ச காலத்து வண்டிகள் இப்போது பாவித்தவையாக வருவதால் சந்தையில் தெரிவு நிறைய. அவசரமாகச் செய்த காலத்து வண்டிகளும் அவையேதான்.

சாய்ந்த வெயிலில் பக்கச் சுவரை நீளவாக்கில் பாருங்கள். குமிழ் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். கதவடி, குளியலறை, முன்மூலைகளில் தரையைக் குதிகாலால் அழுத்துங்கள். மேல் அலுமாரிகளுக்குள் கைவிட்டு மூலைகளில் ஈரமானி வையுங்கள். டயரில் அச்சிட்ட டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021-இன் 23-வது வாரம். ஐந்தாறு வருடம் கடந்தால் தடம் நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

உங்கள் குளிருக்கு முக்கியமானது குழாய். தொட்டியில் நீர் விட்டு பம்பைப் போடுங்கள், எல்லாக் குழாயையும் மூடுங்கள். பம்ப் நின்றபின் 15 நிமிடம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இடையில் தானாக ஓடினால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் போன பனியில் வெடித்த இணைப்பு. எடுத்த பிறகு, ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் நீரை வடித்து, வாட்டர் ஹீட்டருக்குள் போகாதபடி பைபாஸ் செய்து, 2 அல்லது 3 கேலன் இளஞ்சிவப்பு ஆர்.வி. அன்டிஃப்றீஸ் (உறையாமல் காக்கும் நீர்மம்) குழாய்களில் ஓட்டிவிடுங்கள். காரின் பச்சை நீர்மத்தை ஊற்றாதீர்கள், அது நஞ்சு. வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என்.-ஐ வைத்து ஒன்ராறியோவில் கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடலாம். காசு கொடுக்கும் முன் செய்யுங்கள். தயாரிப்பாளரின் வாரண்டி இரண்டாவது சொந்தக்காரருக்கு வருமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் வராது.

அடுத்த வாரம் புது ட்ரெயிலர் டெலிவரி. அன்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (வட கரோலினா வாசகர்)

நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், காலையில் போங்கள். ஃபிரிட்ஜ் வாயுவில் ஓடும் அப்சார்ப்ஷன் வகையானால் குளிர அரை நாளுக்கு மேல் ஆகும், முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள். மின்சாரம், தண்ணீர், புரொப்பேன் மூன்றும் இணைத்துத் தர வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “இணைப்பில்லாமல் மைதானத்தில் நிறுத்திக் காட்டுகிறோம்” என்றால் போகாதீர்கள்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஸ்லைடை மூன்றுமுறை வெளியே, உள்ளே ஓட்டுங்கள். ரப்பர் ஓரம் எங்கும் மடங்கக்கூடாது. ஏசி 20 நிமிடம் ஓடியபின் உறிஞ்சும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் வேண்டும். ஹீட்டரையும் கோடையானாலும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரில் நீர் நிறைந்து குழாயில் வந்த பிறகே மின் ஸ்விட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் எலிமென்ட் சில நிமிடங்களில் எரிந்துபோகும், அதை எந்த வாரண்டியும் ஏற்காது. எல்லாக் குழாயும் ஓடும்போது சிங்க்குக்கு அடியில் டார்ச் அடியுங்கள். புரொப்பேன் கசிந்து அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கும் பிரஷர் டிராப் சோதனை செய்து எழுதித் தரச் சொல்லுங்கள். வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியில் மட்டும் விளக்கும் பம்பும் ஓடுகிறதா பாருங்கள்.

குறைகளை எழுதி, “இன்ன தேதிக்குள் சரி செய்வோம்” என்று டீலர் கையெழுத்திட்ட தாள் வாங்குங்கள். பெரிய குறையென்றால் சரிசெய்யும் வரை நீங்கள் கையெழுத்திட வேண்டாம். கையெழுத்துக்கு முன் உங்களுக்கு இருக்கும் மரியாதை பிறகு இருக்காது. சர்வீஸ் வரிசையில் வாரக்கணக்கில் நிற்க நேரும். இதெல்லாம் கைவராது என்பவர்கள் ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் சங்கமான என்.ஆர்.வி.ஐ.ஏ.யின் சான்று பெற்ற இன்ஸ்பெக்டரைச் சில நூறு டாலருக்கு அழைத்துப் போகலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டியைவிட இந்தச் செலவு நிச்சயம் பயன்படும்.

வீடு திரும்பும் வழியில் 10, 25, 50 மைலில் நிறுத்தி வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். புதுச் சக்கரத்தில் அவை தளரும்.

பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (பீனிக்ஸ் வாசகர்)

இல்லை. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் மூன்று நாள் விதி வீட்டுக்கு வந்து விற்பவர்களைப் போன்றோருக்கானது. டீலர் கடையில் நீங்களே போய் வாங்கியதற்குச் செல்லாது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டி வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: டெக்சாஸில் இழுவை ட்ரெயிலர்களும் அடங்கும், பல மாநிலங்களில் மோட்டார் உள்ள வண்டிக்குத்தான். உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் கேளுங்கள். எங்கும் செல்வது 1975-ஆம் ஆண்டின் மாக்னுசன்-மாஸ் சட்டம்: எழுத்தில் கொடுத்த வாரண்டியைக் காக்காவிட்டால் வழக்குப் போடலாம், வென்றால் வக்கீல் கட்டணமும் கேட்கலாம். அதற்கு ஒவ்வொரு ரிப்பேருக்கும் விட்ட தேதி, எடுத்த தேதியுடன் ரிப்பேர் ஆர்டர் வேண்டும். வழக்கை இண்டியானாவில்தான் நடத்த வேண்டும் என்று பல கம்பெனிகள் வாரண்டியில் எழுதியிருக்கும், அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பகுதி அங்கே எல்கார்ட் பக்கம்தான் தயாராகிறது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஓடும்போது ட்ரெயிலருக்குள் படுத்துக்கொண்டு வரலாமா? உள்ளே நம் சமையல் செய்ய முடியுமா? (அட்லாண்டா வாசகர்)

படுக்கக் கூடாது. உள்ளே சீட் பெல்ட் கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் சட்டமும் தடுக்கிறது. காரில் அவர்களுக்கு இடம் வேண்டும், அவர்கள் எடை மஞ்சள் ஸ்டிக்கர் கணக்கிலும் சேரும்.

சமையல் தாராளமாக. 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். ஏசி 1,500, இன்ஸ்டன்ட் பாட் 1,000, மைக்ரோவேவ் 1,500 என்று மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். மைக்ரோவேவை நிறுத்திவிட்டுக் குக்கரை வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் 230 வோல்ட் மிக்ஸி இதில் ஓடாது. தாளிப்பதற்கு முன் வெளியே போய், அடுப்புப் புகைபோக்கியின் மூடியைப் பாருங்கள்: பயணத்தில் திறக்காமலிருக்கச் சிறு கொக்கி போட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் ஃபேன் சத்தம் மட்டும் போடும், மிளகாய்ப் புகை உள்ளேயே சுற்றி அலாரம் அடிக்கும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது தீர்வில்லை. மேலே உள்ள வென்ட்டையும் ஒரு ஜன்னலையும் திறந்துவைத்துத் தாளியுங்கள்.